சென்னிமலையில் நான்கு தறி, ஈரோட்டில் ஒரு பட்டம்: கன்சல்டிங் வேலைக்குப் போக முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். சிஜிபிஏ 8.1, அரியர் கிடையாது. அப்பா சென்னிமலையில் நான்கு விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறார். மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் மாதிரி ஒரு மேனேஜ்மென்ட் கன்சல்டிங் நிறுவனத்தில், அதாவது கம்பெனிகளுக்குத் தொழில் ஆலோசனை சொல்லும் நிறுவனத்தில், சேர ஆசை. "எங்கள் காலேஜ் பேரைச் சொன்னால் சென்னையிலேயே யாருக்கும் தெரியாது. முடியுமா, முடியாதா, நேராகச் சொல்லுங்கள் அக்கா" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "ரெஸ்யூமில் அப்பா தொழில் என்ற இடத்தில் பிசினஸ் என்று போட்டிருக்கிறேன். தறி என்று போடக் கூச்சமாக இருக்கிறது."

அந்தக் கடைசி வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத உட்கார வைத்தது.

முதலில் நேர் பதில். கல்லூரி முடித்த கையோடு அந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றில் சேர்வது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பு அளவில் அவர்கள் ஆள் எடுக்கப் போவது ஐஐடிகளுக்கும் டில்லியின் ஒன்றிரண்டு பெரிய கல்லூரிகளுக்கும். எம்பிஏ அளவில் ஐஐஎம் அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா, ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) போன்ற சில இடங்கள். நம் பக்கத்துக் கல்லூரிக்கு அவர்கள் வருவதில்லை. வெப்சைட்டில் விண்ணப்பம் போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் அது கிணற்றில் போட்ட கல். உங்களுக்கு மூளை போதாது என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஐஐடிக்கான ஜேஇஇ, ஐஐஎம்முக்கான கேட் (CAT) தேர்வுகள் ஏற்கெனவே சலித்து வைத்த குவியல் ஒன்று இருக்கிறது, அதில் கை விட்டு எடுப்பது அவர்களுக்குச் சுலபம், அவ்வளவுதான்.

சுற்று வழி இருக்கிறது. ஐந்திலிருந்து எட்டு வருடம் பிடிக்கும். நான் வந்தது அந்த வழி. நானும் இதே ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையம் பக்கம், நானும் பெயர் தெரியாத கல்லூரி, நானும் மெக்கானிக்கல். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்து, உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் மூன்று வருடம் ஃபவுண்டரிக்கும் (உலோகத்தை உருக்கி வார்க்கும் இடம்) அசெம்ப்ளிக்கும் நடுவே அலைந்தேன். கேட் தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 84 பெர்சென்டைல் (எழுதியவர்களில் 84 சதவீதம் பேருக்கு மேலே), வீட்டில் சொல்லவே இல்லை. இரண்டாம் முறை 96. பழைய ஐஐஎம் எதுவும் கூப்பிடவில்லை, புதிதாகத் தொடங்கியவற்றில் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஒரு பெரிய நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் கன்சல்டிங் பிரிவுக்கு வந்தேன். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று என்னை இரண்டாம் சுற்றில் திருப்பி அனுப்பியது, மற்ற இரண்டும் கூப்பிடவேயில்லை. இதையும் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு பேசுவது நியாயம்.

இந்தத் தொழில் என்ன என்பதில் நம் ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது. கோட் சூட், விமானம், பவர்பாயின்ட். உள்ளே பார்த்தால் ஒரு முதலாளிக்கு ஒரு சந்தேகம். அவருக்கு அதை அலசிப் பார்க்க நேரமோ ஆளோ இல்லை. வெளியாள் வந்து எண்ணிப் பார்த்து, பிரித்துப் பார்த்து, இதைச் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மெக்கின்சி தொடங்கியது 1926-இல். கோவையில் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை தொடங்கியதும் அதே 1926. பிசிஜி 1963, பெய்ன் 1973. இந்தக் கடைசி இரண்டுக்கும் முன்னால், 1956-லேயே கோவையில் சிட்ரா வந்துவிட்டது. அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம். மில்லுக்கு மில் உற்பத்தியை ஒப்பிட்டு, "உங்கள் மில்லில் இத்தனை கிலோ நூலுக்கு இத்தனை ஆள், பக்கத்து மில்லில் இவ்வளவுதான்" என்று எண்ணிக் காட்டும் வேலையை அவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். இதையே இன்று பெஞ்ச்மார்க்கிங் என்று சொல்லி வேறு ரேட்டில் விற்கிறோம். நிறுவனங்களின் மூலத்திறன் (கோர் காம்பிடன்ஸ், அதாவது ஒரு நிறுவனத்துக்கே கைவந்த அடிப்படைத் திறமை) பற்றி 1990-இல் கேரி ஹேமலோடு சேர்ந்து எழுதி உலகம் முழுக்கப் பேசப்பட்ட மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத் 1941-இல் கோவையில் பிறந்தவர். அவருடைய இனிஷியலில் இருக்கும் 'சி' கோயம்புத்தூர். ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வரை போனார், யாருக்கும் அது இடிக்கவில்லை.

சரி, தறிக்கு வருவோம்.

கன்சல்டிங் நேர்காணலில் கேஸ் என்று ஒன்று கொடுப்பார்கள். "ஒரு தொழிற்சாலை, லாபம் குறைகிறது, ஏன்?" என்பது அதில் பாட்டி காலத்துக் கேள்வி. ஐஐடி மாணவர்கள் இதைப் புத்தகத்தில் படித்துப் பழகுகிறார்கள். உங்கள் வீட்டில் அது இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு தறியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தறிக்கு வேறாக இருக்கும், நின்று எண்ணிப் பாருங்கள்.

நாடா (குறுக்கு இழையை இழுத்துச் செல்லும் கட்டை) நிமிடத்துக்கு 120 முறை ஓடுகிறது. துணியில் அங்குலத்துக்கு 40 ஊடை, அதாவது 40 குறுக்கு இழை. அப்படியானால் நிமிடத்துக்கு 3 அங்குலம் துணி. மணிக்கு 180 அங்குலம், அதாவது 15 அடி, நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளில் 20 மணி நேரம் ஓட்டினால் தறிக்கு 91 மீட்டர். நான்கு தறிக்கும் சேர்த்து ஏறக்குறைய 365 மீட்டர். இப்போது அப்பாவிடம் கேளுங்கள், நேற்று எத்தனை மீட்டர் ஆயிற்று என்று. 260 என்று சொல்வதாக வைப்போம். மீதி 105 மீட்டர் எங்கே போயிற்று? மீட்டருக்கு 8 ரூபாய் கூலி என்றால் நாளைக்கு 840 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 21,000.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, உடனே தீர்வுக்குத் தாவுவது. புதுத் தறி வாங்கலாம், ஆட்டோலூம் போடலாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, பென்சிலைக் கயிற்றில் கட்டி, தறிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தறி எப்போது நின்றது, எப்போது மறுபடி ஓடியது, ஏன் நின்றது. மூன்றே கட்டம். இரண்டு வாரம் எழுதுங்கள். ராத்திரி ஷிப்டில் யார் எழுதுவது என்பது பெரிய பிரச்சினை, அதை நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் கன்சல்டிங் வேலைதான், பாதிப் பேர் அங்கேதான் தோற்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் காரணங்களை ஒன்றின் மேல் ஒன்று விழாமலும் ஒன்றும் விட்டுப்போகாமலும் பிரியுங்கள். இழை அறுந்தது, தார் (நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தது, கரன்ட் போனது, பார்ட்ஸ் உடைந்தது, ஆள் வரவில்லை, பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்து அடுத்த பாவு வரக் காத்திருந்தது, பாவு வந்தும் அதைப் பழைய பாவின் நுனியோடு பிணைக்க ஆள் வரக் காத்திருந்தது. கடைசி இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். முதலாவது, பாவு கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளரின் கையில் இருக்கிறது. இரண்டாவது, பிணைப்பவரிடம் ஒரு நாள் முன்னதாகச் சொல்லி வைத்தால் பாதி தீர்ந்துவிடும். இரண்டும் தறி நிற்பதுதான், ஆனால் மருந்து வேறு வேறு.

அப்புறம் இன்னொரு படி கீழே இறங்க வேண்டும். உற்பத்தியாளர் கொடுக்கிற பாவே மாதத்துக்கு 6,500 மீட்டருக்குத்தான் (இப்போதைய 260 மீட்டர், 25 நாள்) என்றால், தறியின் ஓட்டத்தைக் கூட்டி என்ன பயன்? சீக்கிரம் நெய்து முடித்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். அப்போது 21,000 என்ற கணக்கு வெறும் காகிதம். கூடுதல் ஓட்டத்துக்குக் கூடுதல் கரன்ட் வேறு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் (2023 வரை 750-ஆக இருந்தது), அதைத் தாண்டினால் பணம் கட்ட வேண்டும், தாண்டத் தாண்ட ஒரு மீட்டருக்கான கரன்ட் செலவு மாறும். ஆக, முதல் கேள்வி "தறி ஏன் நிற்கிறது" என்பதா, "வேலை ஏன் போதவில்லை" என்பதா? இந்த இடம் வரைக்கும் யோசித்துவிட்டு வருகிற ஆளை நான் நேர்காணலில் மிக அரிதாகத்தான் பார்க்கிறேன், ஐஐடியிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதில் ஒரு நேர்மை விஷயம் உண்டு. செய்யாமல் செய்ததாக எழுதாதீர்கள். 14 நாள் குறித்தேன், இத்தனை மணி நேரம் நின்றது, அதில் இத்தனை மணி பாவுக்காகக் காத்திருந்தது, முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் வைத்த பின் இத்தனையாகக் குறைந்தது என்று எழுதினால், எதிரில் இருப்பவர் அடுத்த 20 நிமிடம் அதைத்தான் துருவுவார். உண்மையில் செய்திருந்தால் அந்த 20 நிமிடம் உங்களுடையது. செய்யாமல் எழுதியிருந்தால் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

ரெஸ்யூம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். "அப்பா தொழில்" என்ற கட்டமே ரெஸ்யூமில் வேண்டாம் தம்பி. அது கல்யாண ஜாதகத்தோடு போகும் பயோடேட்டாவுக்கு உரியது. பிறந்த தேதி, மதம், "மேற்கண்ட விவரங்கள் உண்மை" என்ற உறுதிமொழி, கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தறி வர வேண்டிய இடம் 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ். என் மேஜைக்கு வரும் ஒரு ரெஸ்யூமுக்கு நான் செலவழிப்பது அரை நிமிடம். அதில் ஐந்து நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங், "கடின உழைப்பாளி", "டீம் பிளேயர்" இவற்றைத் தாண்டிக் கண் ஓடிவிடும். காந்திபுரத்தில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எது என்பதும் தலைப்பைப் பார்த்தாலே தெரியும், ஏனென்றால் அதே தலைப்பில் அந்த மாதமே இன்னும் நான்கு வந்திருக்கும். எண்ணிக்கை போட்ட ஒரு வரி கண்ணை நிறுத்தும். நான்கு தறி என்பது சின்னதாயிற்றே என்று பார்க்காதீர்கள். நான்கு தறியில் நீங்களே எண்ணியது, நானூறு கோடி கம்பெனியில் வேடிக்கை பார்த்ததைவிடக் கனமானது.

என் தோல்விக் கதை ஒன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூருவில் இரண்டாம் சுற்று நேர்காணல். கேஸ் என்னவென்று பார்த்தால் ஒரு ஃபவுண்டரி. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மூன்று வருடம் மணலும் புகையும் தின்ற இடமாயிற்றே. பாதி வழியில் நேர்காணல் எடுத்தவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "100 டன் நல்ல வார்ப்பு வேண்டும், ரிஜெக்ஷன் 20 சதவீதம். அப்படியானால் 120 டன் ஊற்றினால் போதும், இல்லையா?" எனக்குத் தெரியும். 120 டன் ஊற்றி 20 சதவீதம் போனால் 96 தான் மிஞ்சும், 125 டன் ஊற்ற வேண்டும். இதே கணக்கை மாதா மாதம் போட்டுக் கொடுத்தவள் நான். ஆனால் எதிரில் வயதில் மூத்தவர், நரைத்த தலை, நல்ல ஆங்கிலம். என் வாய் தானாக "யெஸ் சார்" என்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, குறிப்பு எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே வந்து ஆட்டோ ஏறும்போதுதான் அது வேண்டுமென்றே போட்ட கொக்கி என்று உறைத்தது.

நம் பக்கம் வளர்ப்பு அப்படி. சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, சொல்லுங்க' என்று கூப்பிடுகிற ஊர், பெரியவர் பேச்சுக்கு 'சரிங்க' என்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை விடச் சொல்லவில்லை. "ஒரு நிமிடம் சார், அந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பதும் மரியாதைதான். ஆனால் அது வாயில் வரப் பழக வேண்டும். அப்பாவின் கணக்கை அப்பாவிடமே மறுத்துப் பேசிப் பழகுங்கள். அதைவிடக் கடினமான நேர்காணல் எங்கும் கிடையாது.

கேஸ் பயிற்சிக்கு ஆன்லைனில் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. ஐஐஎம்களின் கன்சல்டிங் கிளப்புகள் தொகுத்த கேஸ் புத்தகங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒன்று இரண்டு போதும். மெக்கின்சியில் நேர்காணல் எடுப்பவரே ஒவ்வொரு படியாகக் கேட்டு நடத்துவார். பிசிஜி, பெய்ன் பக்கம் பெரும்பாலும் நீங்கள்தான் கேஸை ஓட்டிச் செல்ல வேண்டும். அந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். வருமானம் ஒரு கிளை, செலவு ஒரு கிளை என்று மரம் வரைவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பழக வேண்டியது, மரத்துக்கு வெளியே இருக்கும் காரணம் கண்ணில் படுவது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த வருடம் ஒரு பனியன் ஏற்றுமதியாளரின் லாபம் ஏன் விழுந்தது என்று அவருடைய கட்டிங், தையல் செலவைக் குடைந்துகொண்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. துணி சாயத்துக்காக வெளி மாநிலம் போய் வந்தது, நாள் தள்ளியது, கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனது. இப்படிப்பட்ட கதைகளைக் கரூர், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஊருக்கு ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளிக்கு வண்டி ஓடாத நாளில் எவ்வளவு நஷ்டம், முட்டை விலை விழும்போது நாமக்கல் பண்ணைக்காரர் ஏன் உடனே கோழியைக் குறைக்க முடியாது என்பதெல்லாம் முதல் தரமான கேஸ்.

தோராயக் கணக்குக் கேள்விகளும் வரும். "கோவையில் எத்தனை பேக்கரி?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். டீ குடிக்கவே பேக்கரிக்குப் போகிற ஊர் நம் ஊர். 2011 கணக்கெடுப்பில் கோவையும் சுற்றுப்புறமும் சேர்ந்து 21 லட்சம் மக்கள். பாதிப் பேர் நாளைக்கு ஒரு டீ வெளியே குடித்தால் சுமார் 10 லட்சம் டீ. ஒரு பேக்கரி நாளைக்கு 500 டீ போட்டால் 2,000 பேக்கரி. சரியா? ஆயிரம் பேருக்கு ஒன்று வருகிறது, அதாவது 250 வீட்டுக்கு ஒன்று. உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள், பொருந்துகிறதா? இந்தக் கடைசிச் சரிபார்ப்பைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். 500 என்பது சரிதானா என்று ஒரு சாயங்காலம் கல்லா பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று எண்ணிவிட்டு வந்தவர், மற்ற எல்லோரையும் முந்திவிடுவார்.

இனி வழிகள். உங்களுக்கு நான் சொல்வது: முதலில் இரண்டு மூன்று வருடம் தொழிற்சாலை வேலை, அதன் பின் எம்பிஏ. கேம்பஸில் ஐடி சர்வீஸ் வேலை கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் கூடவே இருக்கலாம். ஆனால் ஒரு பெரிய ப்ராஜெக்டில் 200 பேரில் ஒருவராக இருந்துவிட்டு வந்தால், "நீங்கள் என்ன மாற்றினீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு வறண்டுவிடும். கணபதி, அரசூர், பெருந்துறை சிப்காட் என்று எங்கே வேண்டுமானாலும் சேருங்கள். ஒரு எண்ணுக்கு நீங்கள் பொறுப்பாக இருக்க வேண்டும். ரிஜெக்ஷன், டெலிவரி நாள், ஸ்டாக், மின் செலவு, ஏதோ ஒன்று. சேரும்போது அந்த எண் எவ்வளவு, விலகும்போது எவ்வளவு. 18,000 ரூபாய் சம்பளம் குறைவுதான். அந்த எண் இருந்தால் பின்னால் வசூலாகிவிடும்.

கேட் தேர்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கில் நடக்கும், இரண்டு மணி நேரம், மூன்று பகுதி. நம் பிள்ளைகளுக்குக் கணக்கு கை கொடுக்கும், ஆங்கில வாசிப்பு காலை வாரும். தினமும் ஆங்கிலத்தில் ஏதாவது நீளமாகப் படிப்பதைத் தவிர அதற்குக் குறுக்கு வழி இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐஐஎம்கள் கணக்கில் எடுக்கும், அதை இனி மாற்ற முடியாது, விட்டுவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் நேரத்தோடு செய்யுங்கள். நீங்கள் ஓபிசி பிரிவில் வருகிறீர்கள் என்றால், மத்திய அரசுப் படிவத்தில் நான்-கிரீமி லேயர் சான்றிதழ் (வசதி படைத்த மேல்தட்டில் இல்லை என்று காட்டுவது) தனியாக வாங்க வேண்டும். கையில் இருக்கும் பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய மூன்று ஐஐஎம் கிடைக்காவிட்டால்? மும்பையில் நிட்டி என்று இருந்தது 2023-இல் ஐஐஎம் மும்பை ஆகிவிட்டது. தொழிற்சாலை, சப்ளை செயின் பக்கம் அதற்குப் பழைய பெயர் உண்டு; மெக்கானிக்கல் படித்துவிட்டு ஷாப்ஃப்ளோர் அனுபவத்தோடு போகிறவருக்கு அது நல்ல இடம். டில்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைக் கல்வித் துறையான எஃப்எம்எஸ்ஸில் கட்டணம் மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஐஎஸ்பியின் முதன்மைப் படிப்பு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கானது, ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு மதிப்பெண்ணோடு போகலாம்.

பழைய ஐஐஎம்களின் கட்டணம் இரண்டு வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் என்று வீட்டில் சொன்னபோது என் அப்பா கேட்டது: "ஏஞ்சாமி, காட்டை அடமானம் வெக்கோணுமா?" வேண்டியதில்லை. ஐஐஎம் போன்ற இடங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஸ்டேட் பேங்க் உள்ளிட்ட வங்கிகள் அடமானம் இல்லாமலேயே கடன் தருகின்றன. ஆனால் பெயர் இல்லாத கல்லூரியில் 12 லட்சம் கட்டி எம்பிஏ படிப்பது தனிக் கதை. உள்ளே நுழைய உதவாத பெயருக்கு இரண்டாம் முறையும் பணம் கட்டாதீர்கள். அதற்குப் பதில் இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டு மறுபடி கேட் எழுதலாம்.

எம்பிஏ இல்லாத வழிகளும் உண்டு. சென்னையின் லேடன்ட்வியூ, பெங்களூருவின் மியூ சிக்மா போன்ற, தரவுகளை அலசிக் கொடுக்கும் அனலிடிக்ஸ் நிறுவனங்களில் சேர்ந்து, அங்கிருந்து டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி ஆகிய பெரிய நான்கின் கன்சல்டிங் பிரிவுகளுக்குத் தாவுகிறார்கள். மியூ சிக்மாவைத் தொடங்கிய திராஜ் ராஜாராம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, முன்பு கன்சல்டிங் வேலை பார்த்தவர். பெரிய கன்சல்டிங் நிறுவனங்களுக்கே இந்தியாவில் ஆராய்ச்சி, தரவு மையங்கள் இருக்கின்றன. அங்கே சேர்வது ஒப்பளவில் எளிது, ஆனால் அந்த மையத்திலிருந்து வாடிக்கையாளர் முன் உட்காரும் கன்சல்டன்ட் வேலைக்கு மாறுவது தானாக நடக்காது. சேரும் முன் அங்கே இருப்பவரிடம் "போன வருடம் எத்தனை பேர் மாறினார்கள்?" என்று கேளுங்கள். வணிகவியல் படிக்கும் தங்கை தம்பி யாராவது இதைப் படித்தால், உங்கள் வழி சிஏ. அதை முடித்துவிட்டால் எந்தக் கல்லூரி என்று பெரிய நான்கில் ஒருவரும் கேட்பதில்லை.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத வழி ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு, வீணாவதைக் குறைக்கும் லீன் முறைகளைக் கொண்டுவர மத்திய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்துத் தொடங்கிய திட்டத்தில், கன்சல்டன்ட் கட்டணம் உள்ளிட்ட செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. இந்த மாதிரி வேலை செய்யும் சின்னச் சின்ன ஆலோசகர்கள் கோவை, திருப்பூரில் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர், பழைய மில் மேனேஜர், ஒரு உதவியாளர், ஒரு பைக். அவரிடம் ஒரு வருடம் இருந்தால் பதினைந்து இருபது தொழிற்சாலையின் உள்ளே போய்வரலாம். பெரிய நிறுவனத்தில் அதற்கு ஐந்து வருடம் ஆகும். கோவையின் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் கண்காட்சி நடக்கும்போது போய்ச் சுற்றினால் இப்படி இரண்டு பேரையாவது பார்த்துவிடலாம்.

ஆங்கிலம் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சரிப்பை மாற்ற மெனக்கெட வேண்டாம். "மூன்று காரணம். முதலாவது இது" என்று சின்ன வாக்கியத்தில் பதிலை முன்னால் வைத்துப் பேசப் பழகினால் போதும். நாம் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்துப் பதிலைக் கடைசியில் சொல்கிறவர்கள், அதுதான் இடிக்கும்.

வேலை எப்படி இருக்கும் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். திங்கள் அதிகாலை விமானம் அல்லது ரயில், வியாழன் இரவு திரும்புவது, நடுவில் ஏதோ ஓர் ஊரின் கெஸ்ட் ஹவுஸ். ராத்திரி 12 மணிக்கு ஸ்லைடில் ஒரு எண் இடிக்கிறது என்று மறுபடி எக்செல் திறப்பது. மூன்று மாதம் உழைத்த அறிக்கையை முதலாளி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதும் உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் கண்முன் பார்த்தது. இது தெரிந்த பிறகும் ஆசை இருந்தால் நல்லது.

இந்த செமஸ்டர் லீவில் நோட்டைத் தொங்கவிடுவதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பாவு பிணைக்க வருகிறவர், அந்த வட்டாரத்தில் முப்பது நாற்பது தறிக்கூடத்துக்காவது போகிறவராக இருப்பார். எந்தக் கூடத்தில் பாவு இல்லாமல் தறி சும்மா கிடக்கிறது, எந்த உற்பத்தியாளர் நேரத்துக்கு அனுப்புகிறார், யாருக்குக் கூலி பாக்கி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு மணி நேரம் போனில் பேசவே ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கின்றன. உங்களுக்கு ஒரு டீயும் வடையும் போதும். பிணைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள், இழை தவறிவிடும்.